வக்கீல் காருக்கு ஒரு பட்டு வாஷர்

காலை ஆறு மணி பத்து நிமிஷம். மாடி ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை ஐந்து வாழை இலைகள். கீழே கார்க் கொட்டகைக்கு முன்னால், சாணி தெளித்த தரையில், பந்திக்குப் போட்டது போல நுனிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வரிசையாகக் கிடந்தன. நாலு இலைகளில் நாலு விதமான பம்ப். ஐந்தாவது இலையில் காரின் ஸ்டெப்னிச் சக்கரம்.

வக்கீல் சௌரிராஜ ஐயங்கார் ஸ்நானம் முடித்து, திருமண் இட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி இலைகளுக்கு எதிரே நடந்துகொண்டிருந்தார். பரிமாறியாகிவிட்டது, சாப்பிடத்தான் ஆள் வரவில்லை என்பது போல இருந்தது அந்த நடை.

மேலே பார்த்தார். "ஓய் நிருபரே, இறங்கி வாரும். பட்சபாதமில்லாத சாட்சி ஒருத்தர் வேணும்."

நான் அப்போது சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குத் திருச்சி நிருபர். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். முப்பதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம். ஊரில் செய்தி ஒன்றும் இல்லை. இறங்கிப் போனேன்.

கறுப்பு ஆகாது

கார் அமெரிக்கக் கார். துணிக்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயரிடமிருந்து வக்கீல் வாங்கியது. பத்து வருஷமாக அதில்தான் காவேரிப் பாலம் தாண்டித் திருச்சி கோர்ட்டுக்குப் போய் வந்தார். வண்டியின் நிறம் கறுப்பு. வக்கீலின் அங்கியும் கறுப்பு என்பதால் அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை.

அந்த வருஷம் அவருடைய ஒரே பெண் பத்மாவுக்குக் கும்பகோணத்தில் வரன் அமைந்தது. பிள்ளையின் தகப்பனார் ரிடயரான சப்-ஜட்ஜ். நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட பிறகு, தீர்ப்பை வாசிக்கும் குரலில் ஒரு நிபந்தனை சொன்னார். முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் ஜானவாசத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் வரத் திறந்த கார் வேண்டும். வாடகைக் கார் கூடாது. அது நேற்று யாரைச் சுமந்ததோ யாருக்குத் தெரியும். கறுப்புக் காரும் கூடாது. கல்யாணப் பிள்ளை அமங்கல நிறத்தில் ஏறக்கூடாது. வக்கீலுக்கு அசௌகரியமாக இருந்தால் கவலையில்லை, உத்திர வீதி டாக்டர் தமக்கு ஒன்றுவிட்ட மைத்துனர்தான், அவருடைய நீல வண்டியைச் சொல்லி வைத்துவிடலாம் என்று முடித்தார்.

இந்த டாக்டரும் எங்கள் வக்கீலும் பேசிக்கொள்வதில்லை. கோயில் மரியாதையில் யாருக்கு முதலில் தீர்த்தம் என்பதில் தொடங்கிய வழக்கு மூன்று கோர்ட்டு ஏறி, அப்போது நாலாவதில் இருந்தது.

"என் வண்டி ஆவணிக்குள்ளே சிவப்பா நிக்கும்" என்று வக்கீல் சபையில் வாக்குக் கொடுத்தார்.

கும்பகோணத்தார் ரயில் ஏறிய பிறகு வக்கீலின் மனைவி கோமளம் மாமி அவரிடம் சொன்னதை நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். "அவாளுக்கு இந்த வண்டி ஒரு சாயங்காலம். பத்மாவுக்கு ஆயுசு பூரா. அந்த டாக்டர் கார்ல மாப்பிள்ளை வந்தா, நாளைக்கு ரசத்துல உப்பு ஜாஸ்தியானாக்கூட புக்காத்துல அதைத்தான் இழுப்பா."

பத்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். சத்தம் ஒரு நிமிஷம் நின்று மறுபடி கேட்டது.

பிரஷ் என்றால் என்ன

வர்ணம் அடிக்க ஜங்ஷன் பக்கம் ஆட்கள் இருந்தார்கள். ஜட்கா வண்டிக்கு அடிப்பவர்கள்தான் காருக்கும் அடித்தார்கள். அப்படி ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். கையில் பிரஷ் இருந்தது. நல்ல பிரஷ் என்று தாமாகவே எடுத்துக் காட்டினார். மாமி கதவுக்குப் பின்னாலிருந்து, அதில் இருக்கிற மயிர் எதனுடையது என்று கேட்டாள்.

"பன்னி மயிருங்க. அதுதான் கோடு விழாதுங்க."

அவர் அன்றே திருப்பி அனுப்பப்பட்டார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.

கையால் தொடாமல், மயிரால் தடவாமல், காற்றின் வேகத்திலேயே வர்ணத்தைத் தூவும் யந்திரம் வந்திருக்கிறது என்று வக்கீல் கோர்ட்டு பார் ரூமில் கேள்விப்பட்டார். பொன்மலையில் ரயில் பெட்டிகளுக்கு அப்படித்தான் அடிக்கிறார்கள் என்றார் சக வக்கீல் ஒருவர். தொட வேண்டியதே இல்லை என்பது எங்கள் வக்கீலின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. ஒரு யந்திரத்துக்கு இவ்வளவு ஆசாரம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கட்சிக்காரர்களிடம் சொல்லி வைத்தார். அந்தக் காலத்தில் ஒரு வக்கீல் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் மூன்று ஜில்லாக்களிலிருந்து வந்து சேரும். இலைகளின் கதை இதுதான்.

இலையில் இருந்தவை

முதல் இலையில் தகரக் கொசு பம்ப். முன்சீப் பங்களாவிலிருந்து இரவல் வந்தது.

இரண்டாவதில், தொட்டியத்து மிராசுதார் ஒருவர் கொடுத்தனுப்பிய பித்தளைத் தெளிப்பான். முதுகில் மாட்டிக்கொண்டு கைப்பிடியை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்கும் மயில்துத்தம் அடிக்கிற சாதனம். தேய்த்து விளக்கித்தான் அனுப்பியிருந்தார்கள்; ஆனாலும் மூட்டுகளில் பச்சை இருந்தது.

மூன்றாவது மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வாளிப் பம்ப். மில் முதலாளி நேரில் வந்தார். பம்பு சரிப்படாவிட்டால் காரையே மில்லுக்குக் கொண்டுவரலாம், பெரிய எஞ்சினைக் கிளப்புவதற்கு இரும்பு உருளையில் காற்று அடைத்து வைத்திருக்கிறோம், அதைக் கொண்டு நாலு காருக்கு அடிக்கலாம் என்றார். அவர் பேசும்போது சட்டையிலிருந்து தவிடு உதிர்ந்தது. வக்கீல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மில் யோசனை அங்கேயே தள்ளுபடியாயிற்று.

நாலாவதுதான் நிஜமான யந்திரம். சென்னையிலிருந்து ஒரு ஏஜென்ட் கொண்டுவந்தார். பச்சை வெல்வெட் போட்ட பெட்டியில், நிக்கல் பூசிய துப்பாக்கி மாதிரி ஒன்று. அதோடு ரப்பர்க் குழாய், கால் பம்ப். ஒருவர் பம்பை மிதிக்க, இன்னொருவர் துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும்.

ஐந்தாவது டிரைவர் மாணிக்கத்தின் யோசனை. உறையூர்க்காரர். காருக்குள் எது கெட்டாலும் காரிலேயே மருந்து இருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். ஸ்டெப்னியில் காற்றை அடைத்து, அந்தக் காற்றையே திறந்துவிட்டு வர்ணம் அடிக்கலாம் என்றார்.

பரீட்சை நடந்தது. கொல்லைச் சுவரில் பழைய வேஷ்டியைக் கட்டி, மஞ்சள் சுண்ணாம்பு கலந்த ஆரத்தித் தண்ணீரை ஒவ்வொன்றிலும் ஊற்றி அடித்துப் பார்த்தார்கள். கொசு பம்ப் துப்பியது. தொட்டியத்துப் பித்தளை, நேர்மையாகவும் பலமாகவும் அடித்து வேஷ்டியைச் சுவரிலிருந்து பிடுங்கியது. வாளிப் பம்பிலிருந்து மில்லின் பழைய சுண்ணாம்பு கட்டி கட்டியாக வந்தது. ஸ்டெப்னி முதல் வீச்சில் அழகாக அடித்தது. இரண்டாவது வீச்சில் பெருமூச்சு விட்டது. மாணிக்கம் அதைக் கையால் தட்டிக் கொடுத்தார்.

கால் பம்ப் மட்டும் பனி மாதிரி தூவியது. துணியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

வக்கீல் ஏஜென்டைக் குறுக்கு விசாரணை செய்தார். இந்தப் பம்பு எந்தக் காருக்கு அடித்திருக்கிறது, அதை நீர் கண்ணால் பார்த்தீரா, பார்க்கும்போது எவ்வளவு தூரத்தில் நின்றீர் என்றெல்லாம் கேட்டார். ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். வக்கீலுக்குத் திருப்தி. விஷயம் முடிகிற நேரத்தில் மாமியின் குரல் கேட்டது.

"அதுக்குள்ளே என்ன இருக்கு?"

இவ்வளவு நேரம் ஆமாம் மட்டும் சொன்ன மனிதருக்கு விரிவாகப் பேச ஒரு சந்தர்ப்பம். பம்பைத் திருகித் திறந்து, உள்ளிருந்து கிண்ணம் போன்ற ஒரு வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "அசல் சீமை மாட்டுத் தோலுங்க மாமி. பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லைங்க."

முன்பு ஒரு வாஷர்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தோல் வாஷர் எங்கள் வீதிக்குப் புதிதல்ல.

ஸ்ரீரங்கத்தில் குழாய்த் தண்ணீர் வந்த புதிதில், குழாய்க்குள் தோல் இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். வீதி இரண்டுபட்டது. அப்போது இளைஞராக இருந்த இதே வக்கீல்தான் ஆட்சேப மனு எழுதினார். அருமையான மனு என்று இன்றும் சொல்வார்கள். தோலின் வழியாக வரும் தண்ணீர் தோலைத் தொட்டதாகுமா, தாண்டியதாகுமா என்பதற்கு மட்டும் ஏழெட்டுப் பக்கம்.

மனுவுக்குப் பதில் வருமுன் வீதியே ஒரு சமரசத்துக்கு வந்துவிட்டது. பெருமாளுக்குப் படைக்கிற தளிகைக்குக் கிணற்று நீர், பாத்திரம் கழுவக் குழாய் நீர். ஒரு கோடையில் கிணறு வற்றியபோது காப்பிக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. காப்பி வேதத்தில் சொல்லப்படாத பானம் என்பதால் வேதத்தில் அதற்குத் தடையும் இல்லை என்று காரணம் சொன்னார்கள். அடுத்த கோடையில் ரசமும் விதிவிலக்கில் சேர்ந்தது.

ஆனால் அந்த மனுவை எழுதியவருக்கு அப்படி இறங்கிவர முடியாது. அவருடைய கொட்டகையில், அவருடைய பெண்ணின் கல்யாணத்துக்கு, தோலின் வழியே வந்த காற்றால் வர்ணம் பூசினார் என்று டாக்டருக்குத் தெரிந்தால் நாலாவது கோர்ட்டில் அது கட்டாயம் வரும்.

மாணிக்கம் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "சாமி, வண்டி சீட்டு எல்லாம் தோலுதானுங்களே?"

வக்கீல் தயங்கவே இல்லை. "அது வண்டியோட வந்தது. இது நாம வாங்கறது. ரெண்டும் வேற."

மாணிக்கம் ஒப்புக்கொண்டார். எனக்கும் ஒரு நிமிஷம் சரி என்றே பட்டது. நல்ல வக்கீல் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

பட்டுக்குத் தோஷமில்லை

தீர்வு கண்டவள் மாமி. பட்டுக்குத் தீட்டும் இல்லை, விழுப்பும் இல்லை. அவளுடைய பழைய பட்டுப் புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, ஏழெட்டு மடிப்பாக மடித்து, தோல் வாஷரின் அளவுக்கே வட்டமாகத் தைத்துக் கொடுத்தாள். ஓரத்தில் ஜரிகை ஒரு இழை ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. காற்றுப் பிடிப்பதற்காக அதை விளக்கெண்ணெயில் ஊறவைத்தார்கள்.

ஏஜென்ட் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "பட்டா? பேஷ். மெட்ராஸ்ல கூட யாருக்கும் தோணலைங்க" என்றார். மெட்ராஸைவிட ஒரு விஷயத்தில் ஸ்ரீரங்கம் முந்திவிட்டது என்று கேட்டபின் வக்கீலுக்கு வேறு அபிப்பிராயம் தேவைப்படவில்லை.

பட்டு வாஷர் போட்ட பம்ப் உண்மையிலேயே வேலை செய்தது. தோல் போட்டதைவிடச் சத்தமும் குறைவு.

ஆடி மாதத்தில் கல்யாணம் கார்த்திகை எதுவும் கிடையாது. கார் சும்மா இருக்கும். ஆகவே வர்ணம் ஆடியில் என்று முடிவாயிற்று. ஆடியில் காற்று அடிக்கும் என்பது பஞ்சாங்கத்தில் போட்டிருக்கவில்லை. கொட்டகையைச் சுற்றி ஈர வேஷ்டிகளைக் கட்டித் தூசியைத் தடுத்தார்கள். மாணிக்கம் உப்புத்தாளால் பழைய கறுப்பைத் தேய்த்துத் தேய்த்துத் தாமே கறுப்பானார். ராகுகாலம் கழிந்ததும் வக்கீல் துப்பாக்கியை எடுத்தார். முக்கியமான சாட்சியை சீனியர்தான் விசாரிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மாணிக்கம் மிதித்தார்.

அரக்குச் சிவப்பு. அந்த வர்ணத்துக்கு அழுகிய வாழைப்பழ வாசனை. தொட்டியத்து வாழைத்தார் வண்டி எங்கேனும் கவிழ்ந்துவிட்டதா என்று எதிர்வீட்டில் விசாரித்தார்கள்.

எஞ்சினின் முன்மூடி முழுவதும் ஒரே வீச்சில் சிவந்தது. கண்ணாடி போல இருந்தது. வக்கீலின் திருமண்கூட அதில் தெரிந்தது. பத்மா வாசற்படிக்கு வந்து பார்த்துச் சிரித்தாள். அந்த ஆனி, ஆடி இரண்டு மாதத்திலும் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அந்தப் பளபளப்பில் ஒரு புள்ளி விழுந்தது. புள்ளி விரிந்து மிளகளவு குழியாயிற்று. குழிக்குள் பழைய கறுப்பு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. சிறிது நேரத்தில் முன்மூடி முழுக்கக் குழிகள், புழுதியில் தூற்றல் விழுந்த மாதிரி.

காரணம் எண்ணெய். காற்றோடு விளக்கெண்ணெய்த் துளியும் வந்து விழுந்த இடத்தில் எல்லாம் வர்ணம் ஒட்டாமல் விலகியது. இது எனக்குப் பல வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு கராஜில் தெரிந்தது. அன்று கொட்டகையில் வேறு காரணங்கள் பேசப்பட்டன. காவேரித் தண்ணீர் என்றார் மாணிக்கம். திருஷ்டி என்றார் வக்கீல்; எந்த வீதியின் திருஷ்டி என்றும் சொன்னார். பூசணிக்காய் உடைத்தார்கள். அதன்பின் குழிகளை மூட இரண்டாவது பூச்சு அடித்தார்கள். பம்பு இறுகாமல் இருக்கட்டும் என்று வாஷருக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார்கள்.

மூன்றாவது பூச்சோடு வர்ணம் தீர்ந்தது. சென்னைக்கு எழுதி வரவழைக்க நாள் இல்லை.

கார் சிவப்புத்தான். முன்மூடியிலிருந்து பின்பக்கம் வரை குழிகள். பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே வார்த்தை வாயில் வந்தது. வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை. மாமி பூக்காரியைக் கூப்பிட்டு, ஜானவாசத்துக்குச் சொன்ன மல்லிகையை மூன்று பங்காக்கச் சொன்னாள்.

காஸ் விளக்கில்

ஜானவாசம் வீதி முனையிலிருந்த ஆஞ்சநேயர் சன்னிதியிலிருந்து புறப்படுவதாக ஏற்பாடு. இருட்டத் தொடங்கியிருந்தது. கூரையை மடக்கிய காரைத் தலைமுதல் கால்வரை மல்லிகைச் சரத்தால் போர்த்தியிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். தலையில் காஸ் விளக்கோடு நாலு பேர், முறைப்படி சற்றுத் தள்ளி நின்றார்கள். மாப்பிள்ளை சூட், டை, புது பூட்ஸ் சகிதம் சன்னிதி வாசலில் நின்றார்.

சம்பந்தி காரைச் சுற்றி வந்தார். நின்றார். முன்மூடியில் இரண்டு சரங்களை விரலால் விலக்கினார்.

"வக்கீல்வாள், கறுப்பு வேண்டாம்னு சொல்லியிருந்தேன்."

தள்ளி நின்ற விளக்குகளின் காஸ் வெளிச்சத்தில் அரக்குச் சிவப்பு கறுப்பாகத்தான் தெரிந்தது. கொட்டகையில் பகலில் மட்டுமே பார்த்திருந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

"சிவப்பு, ஸ்வாமி" என்றார் வக்கீல்.

"எனக்குக் கண் தெரியும்."

கூட்டத்தின் ஓரத்தில் டாக்டரின் டிரைவர் நின்றிருந்தார். நீல வண்டி அடுத்த தெருவில் தயாராக இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. 

வக்கீலின் நிலைமையைச் சொல்ல வேண்டும். விளக்கு தள்ளி இருந்தால் வண்டி கறுப்பு. அருகே வந்தால் சிவப்பு. ஆனால் குழிகளும் தெரியும். முப்பது வருஷத் தொழிலில் அவர் இப்படிப்பட்ட சாட்சியை ஒருபோதும் கூண்டில் ஏற்றியிருக்க மாட்டார். அன்று ஏற்றினார்.

"விளக்கைக் கிட்டக் கொண்டுவா" என்றார். தம் கையாலேயே முன்மூடியின் பூவை முழுவதும் விலக்கினார்.

விளக்குத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவர் மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து ஆள். இரண்டடி வந்தார். காரைப் பார்த்தார். சுடர்ச் சிவப்பு, அதில் ஈர மல்லிகை ஒட்டிய குழி குழியான உடம்பு. ஒரு கையால் தலைவிளக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா," என்றார் தணிந்த குரலில். "முத்துப் போட்டிருக்கா சாமி. சமயபுரத்தா வந்து எறங்கியிருக்கா."

மற்ற மூன்று விளக்குக்காரர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தவில்காரர் குச்சியைக் கீழே வைத்தார். டாக்டரின் டிரைவர் இரண்டடி பின்னால் போனார்.

சம்பந்தியின் கை அதுவரை முன்மூடியின் மேலேயே இருந்தது. அதை மெதுவாக எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அங்கவஸ்திரத்தில் துடைக்கப் போனவர், துடைக்காமல் நிறுத்திக்கொண்டார். அவர் வீர வைஷ்ணவர். பெருமாளைத் தவிர வேறு தெய்வத்தின் பெயர் அவர் வாயில் வராது. ஆனால் அந்தக் காலத்துக் கும்பகோணத்தில் அம்மை முத்து போடாத வீடு கிடையாது.

வக்கீல் அதை மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. தமக்குச் சாதகமான சாட்சி தானாகப் பேசும்போது நல்ல வக்கீல் குறுக்கிடுவதில்லை.

மாப்பிள்ளை சென்னையில் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்தவர். சாது. சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "அப்பா, ஏறட்டுமா?"

சம்பந்தி முன்மூடியை இன்னொரு தடவை பார்த்தார்.

"ஏறு. பூட்ஸைக் கழட்டிட்டு ஏறு."

மாப்பிள்ளை சூட்டும் டையும் காலுறையுமாக ஏறித் தோல் சீட்டில் உட்கார்ந்தார். நாதஸ்வரம் தொடங்கியது. மாணிக்கம் வண்டியை நடை வேகத்தில் விட்டார்.

மறுநாள் காலை முகூர்த்தம் நடந்தது. பத்மா கும்பகோணம் போனாள்.

அடுத்த மாசியிலிருந்து, பூச்சொரிதலின்போது, ஜட்ஜ் வீட்டிலிருந்து சமயபுரத்து அம்மனுக்கு ஒரு கூடை பூ போயிற்று. கூடையோடு போகிறவள் பத்மா. போகும்போது இரண்டு நாளும் வரும்போது இரண்டு நாளும் ஸ்ரீரங்கத்தில் அப்பா வீட்டில் தங்குவாள்.